கடாரம் பக்கத்தில்தான் இருக்கிறது, தம்பி

மலேசியாவில், பினாங்கில் ஒரு சர்வதேசப் பள்ளியில் வரலாறும் குடியியலும் எடுக்க வருகிறேன், நம்மூரில் நடத்தியது மாதிரியே நடத்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் தஞ்சாவூர்க்காரன், இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. முதல் வருடம் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தை வென்ற கதையை, மீசையை முறுக்காத குறையாக நடத்திக்கொண்டிருந்தேன். கடாரம் என்றால் கெடா; பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்படின்னா சார், எங்க ஊருக்கு வந்து கொள்ளையடிச்சாங்களா?" என்றான். கெடாவிலிருக்கும் சுங்கைப்பட்டாணித் தமிழ்ப் பையன்! எனக்கு வாயே எழவில்லை.

அந்த மாதமே வகுப்பை அதே கெடாவில், மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். ஓடைச் சத்தம் கேட்கும் சரிவில், கூரையில்லாத ஒரு கோயிலின் கல் அடித்தளம். சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தப் பக்கம் இரும்பு உருக்கி வியாபாரம் செய்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் நான் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன். படையெடுப்பு நடுவில் வரும்.

குடியியல் இன்னும் நுணுக்கமானது. 1969 மே 13 இனக் கலவரமும், அடுத்த ஆண்டு வந்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கொள்கையின் ஐந்து கோட்பாடுகளும் புத்தகத்தில் இருக்கும், படித்துக்கொள்ளலாம். இதைப் புத்தகத்தில் பார்க்க முடியாது: ஒரு மாணவி தன் பாட்டியின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தாள். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்து, ஆயுசு முழுக்க ரப்பர் பால் வெட்டியவர். அட்டையோ சிவப்பு. நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. 1957 மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் யார் வந்து சொன்னார்கள்? குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் பேத்திக்கு 18 வயதிலேயே ஓட்டு. 2021 டிசம்பரிலிருந்து வயது வரம்பு அதுதான்.

ஒரு எச்சரிக்கை. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்புரிமை, சுல்தான்கள் நிலை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதை 1971 அரசமைப்புச் சட்டத் திருத்தம் தடுக்கிறது. நாம் வேறு வேலை அனுமதியில் இருப்பவர்கள். அதனால் பட்டிமன்றம் வேண்டாம். வீட்டிலிருக்கும் பழைய தாள்களை எடுத்துவரச் சொல்லுங்கள், சீனப் பிள்ளைகளையும்தான். அப்புறம் பாருங்கள், மணி அடித்தாலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.