ஜெஸ்ஸி வில்லியம்ஸ்: குடும்பத்திலிருந்து பிறந்த சீஸ் தொழிற்சாலை

"அமெரிக்காவில் சீஸ் தொழிற்சாலை எப்படித் தொடங்கியது?" என்று கேட்டிருந்தீர்கள். அதன் பின்னால் இருப்பது ஒரு அப்பா, மகன் கதைதான்.

நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஊருக்கு அருகே மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர் ஜெஸ்ஸி வில்லியம்ஸ். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் சீஸ் செய்வார்கள். வேலையின் பெரும்பகுதி பெண்களின் தலையில்தான். பாலின் சூடு, உறை ஊற்றும் அளவு, உப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் சீஸும் ஒரே மாதிரி வராது, விலையும் நிலையாக இருக்காது. வில்லியம்ஸின் சீஸுக்கு மட்டும் நல்ல பெயர் இருந்தது.

1851-இல் மகன் ஜார்ஜ் தனிப் பண்ணை தொடங்கினார். இருவரின் சீஸையும் பவுண்டுக்கு 7 சென்ட் என்று வியாபாரி வாங்கச் சம்மதித்தார். அப்பாவின் தரத்துக்கு மகனால் செய்ய முடியுமா என்பதுதான் சிக்கல். சரி, மகன் பாலை மட்டும் அனுப்பட்டும், சீஸை நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தார் வில்லியம்ஸ். அப்புறம் அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் பாலும் வந்து சேர, தனிக் கட்டடமே எழுந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பண்ணைப் பெண்களின் சுமை குறைந்ததுதான். பால் கறந்து அனுப்பினால் போதும். 1864-இல் கனடாவின் ஒன்டாரியோவிலும் இதே முறையில் தொழிற்சாலை வந்தது. அதைத் தொடங்கிய ஹார்வி ஃபாரிங்டனும் நியூயார்க்கிலிருந்து போனவரே.