அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஒரு கோப்பைகூட வெல்லாத ஜான் ஸ்டாக்டனைச் சிறந்த பாயிண்ட் கார்டுகளில் (பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுத்து ஆட்டத்தை நடத்துபவர்கள்) ஏன் சேர்க்கிறார்கள்? உங்கள் முதல் ஐந்து பேர் யார்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மேஜிக் ஜான்சன், ஜான் ஸ்டாக்டன், ஆஸ்கர் ராபர்ட்சன், ஸ்டீஃபன் கரி, ஐசையா தாமஸ். இதே வரிசையில். ஸ்டாக்டனை இரண்டாவதாகப் பார்த்ததும் கோபம் வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. என்பிஏவைக் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளிகளாகப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். என் மகனும் அப்படித்தான் பார்க்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் பந்து வளையத்துக்குள் விழுவது தெரியும். எறிந்தவன் கைக்கு அது எப்படி வந்தது என்பதை வெட்டி எடுத்திருப்பார்கள். அந்த வெட்டிய பகுதியில்தான் ஸ்டாக்டன் பத்தொன்பது ஆண்டுகள் ஆடினார்.

நானும் பாயிண்ட் கார்டாக ஆடியவன். மாவட்ட அளவைத் தாண்டியதில்லை, பயிற்சியாளரும் இல்லை. ஆகவே “நீ யார் வரிசைப்படுத்த?” என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய தகுதிச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். மதுரை கே.புதூரில் வீடு. பள்ளியில் சிமெண்ட் தளம் போட்ட ஆடுகளம். ஒரு பக்கத்து வளையத்தில் வலை இருக்கும், மறுபக்கம் வெறும் இரும்பு. நான் ஐந்தடி ஐந்தங்குலம். பதினைந்து வயதிலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. எங்கள் பி.டி. சார் என்னைப் பார்த்து, “நீ பந்தை மேலே கொண்டுவந்து கொடுப்பவன். தரையைப் பார்க்காதே, தலையைத் தூக்கு” என்றார். நான்கு ஆண்டுகள் அவர் எனக்குச் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை. எதிர் வீட்டில் இருந்தது. 1998 ஜூன் 15, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அப்போது ஞாயிறு மாலை. அந்த வீட்டு அத்தை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ அணி மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடத்தில், 41.9 விநாடிகள் மீதம் இருக்கும்போது, ஸ்டாக்டன் மூன்று புள்ளிக்கு எறிந்து தன் அணியான யூட்டாவை 86-83 என்று முன்னால் கொண்டுபோனார். நான் கத்திவிட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்துவிட்டார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். ஜோர்டன் இரண்டு புள்ளி எடுத்தார். ஸ்டாக்டனின் அணித்தோழர் கார்ல் மலோன் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தார். 5.2 விநாடிகள் இருக்கும்போது எறிந்தார். 87-86. கடைசியாக ஸ்டாக்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

ஜோர்டன் எறிந்து கையை மடக்கி நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 41.9 விநாடியில் விழுந்த அந்த மூன்று புள்ளியை நான் சொல்லித்தான் பலர் கேள்விப்படுகிறார்கள். இத்தனைக்கும் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் முழங்கால் அறுவை சிகிச்சையால் 18 ஆட்டங்களை இழந்தவர் ஸ்டாக்டன். பத்தொன்பது பருவங்களில் அவர் ஆடாமல் விட்டது மொத்தமே 22 ஆட்டங்கள்தான். பதினேழு பருவங்களில் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. கோப்பையை வைத்து மட்டும் அளப்பவர்கள் இதை எந்தத் தராசில் போடுவார்கள்?

அன்று மாலை நான் செய்த முதல் வேலை, எங்கள் அணியின் உயரமான பையனைப் பிடித்து ஆடுகளத்துக்கு இழுத்துப் போனது. சிலைமானிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். பதினாறு வயதில் ஆறடி ஒன்று. ஸ்டாக்டனும் மலோனும் செய்வதை நாங்கள் செய்யவேண்டும் என்றேன். செய்வது சுலபம் போலத் தெரியும். உயரமானவன் வந்து என்னைக் காப்பவனுக்குக் குறுக்கே சுவர்போல நிற்கவேண்டும். நான் அவன் தோளை உரசிக்கொண்டு போகவேண்டும். இடைவெளி விட்டால் காப்பவன் நுழைந்துவிடுவான். உரசிப் போனால் அவன் சுவரில் மோதி நின்றுவிடுவான். அப்போது சுவரைக் காக்க வேண்டியவனும் என் பக்கம் வந்துதான் ஆகவேண்டும். அந்த நொடியில் சுவராக நின்றவன் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவான். பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, அவன் ஓடிவந்து சேரப்போகும் இடத்துக்கு அனுப்பவேண்டும். அவன் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதற்கு எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. மலோன் எடுத்த 36,928 புள்ளிகளில் கணிசமான பகுதி அந்த ஓடும் கைக்கு நேரம் தவறாமல் பந்து வந்து சேர்ந்ததால் கிடைத்தது. எல்லாரும் எதிர்பார்க்கும் ஒரு நகர்வை யாராலும் தடுக்கமுடியாமல் பதினெட்டு ஆண்டுகள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று, ஆறு மாதம் தவறவிட்டுப் பழகியவனுக்குத் தெரியும்.

இனி என் மனதில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிடப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் போட்டிகளில் ஸ்கோர் ஷீட் எழுதுபவர் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் வீரர் எண், அவர் எடுத்த புள்ளி, ஃபவுல், டைம் அவுட் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. கூடையில் முடியும் பாஸ்தான் அசிஸ்ட், அதற்குக் கட்டம் கிடையாது. புள்ளிவிவரம் எடுக்கத் தனியாக ஆள் போட்டால்தான் அது கணக்கில் வரும், மாவட்டப் போட்டிக்கு யார் ஆள் போடுவார்கள்? நான் நான்கு ஆண்டுகள் கொடுத்த பாஸ்களுக்கு எந்த அலுவலகத் தாளிலும் ஒரு கோடுகூடக் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் உண்டு. என் தங்கை அப்போது ஏழாம் வகுப்பு. ஆடுகளத்து ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் பால் கணக்கு நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, நான் கொடுத்த பந்து கூடையில் விழும்போதெல்லாம் ஒரு கோடு போடுவாள். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பாள். சிம்மக்கல் நூலகத்தில் ஆங்கில நாளிதழில் நான் பார்த்துவந்து சொன்ன ஸ்டாக்டன் கணக்கைக் கேட்டு அவளாகத் தொடங்கியது அது. திண்டுக்கல்லில் ஆடிய ஓர் ஆட்டத்தில் எங்கள் அணி போட்டது இருபத்திரண்டு கூடைகள். அதில் பதினான்கு நான் கொடுத்தவை. என் பெயருக்கு நேராக ஸ்கோர் ஷீட்டில் இருந்தது நான்கு புள்ளி.

2000-ல் சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேர்வு. நானும் சிலைமான்காரனும் ஒன்றாகப் போனோம். தேர்வாளர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி எடுப்பாய்?” என்றார். “ஐந்து, ஆறு சார். ஆனால் பாஸ் கொடுப்பேன் சார்” என்றேன். “பாஸ் எல்லாரும் கொடுப்பார்கள் தம்பி” என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த வரி இன்றும் காதில் இருக்கிறது. எல்லாரும் கொடுப்பதில்லை. கொடுக்க முடிந்தால் ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்ட் என்ற எண்ணை இத்தனை ஆண்டுகளில் யாராவது நெருங்கியிருப்பார்கள். நண்பனுக்கு இடம் கிடைத்தது, பிறகு அரசு வேலையும் கிடைத்தது. அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சித்திரைத் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக்கு வருவான், “உன் பந்தில்தான் நான் ஆடினேன்” என்று என் பிள்ளைகள் முன்னால் சொல்வான்.

உடனே ஒருவர் வருவார் என்று தெரியும். யூட்டாவில் கணக்கு எழுதியவர்கள் சொந்த ஊர்க்காரருக்குத் தாராளமாக அசிஸ்ட் எழுதினார்கள் என்பார். சரி, வாதத்துக்காக மூவாயிரத்தைக் கழித்துவிடுவோம். 12,806 மீதம் இருக்கும். நீண்டகாலம் இரண்டாம் இடத்தில் இருந்த ஜேசன் கிட் மொத்தமாகக் கொடுத்தது 12,091. பந்தைப் பறித்ததிலும் 3,265 என்று ஸ்டாக்டன்தான் முதலிடம். கழித்துக் கழித்துப் பார்த்தாலும் அவரைக் கீழே இறக்க முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். என்பிஏவிலேயே 1973-74 பருவத்துக்கு முன்பு பந்தைப் பறித்ததைக் கணக்கில் எழுதவில்லை. ராபர்ட்சன் தன் இளமை முழுவதும் எத்தனை பந்துகளைப் பறித்தார் என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. எழுதிவைத்த கணக்கே பயமுறுத்துகிறது. 1961-62 பருவம் முழுவதற்கும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட். அவரை மூன்றாவதாக வைத்ததற்கு நானே கொஞ்சம் தயங்குகிறேன். வீரர்கள் தாங்கள் விரும்பிய அணிக்குப் போக முடியாத காலத்தில், 1970-ல் வீரர் சங்கத் தலைவராக இருந்து நீதிமன்றத்துக்குப் போனவரும் அவர்தான். இன்று கோடி கோடியாக வாங்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மேஜிக் முதலிடம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மேஜிக்கின் லேக்கர்ஸ் அணியில் வளையத்தடியில் ஆடும் சென்டரான கரீம் அப்துல் ஜபார் காயம்பட்டு வரவில்லை. இருபது வயதுப் பையன், முதல் பருவம், சென்டர் இடத்தில் போய் நின்று 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். கோப்பை லேக்கர்ஸுக்கு. அதன்பின் இன்னும் நான்கு கோப்பைகள். ஆட்டத்துக்கு 11.2 அசிஸ்ட் என்ற அவர் சராசரியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆறடி ஒன்பதங்குல மனிதருக்கு முன்னால் நிற்பவர்கள் யாரும் மறைப்பதில்லை. என்னைப் போன்றவன் எம்பிப் பார்த்தால்தான் மறுபக்கம் தெரியும். அவர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் பார்த்தார்.

கரியை நான்காவதாக வைத்ததற்கு என் மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எறிவதில் அவருக்கு இணை யாரும் பிறக்கவில்லை. 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளிகள். அதற்கு முன்பு ஒரு பருவத்தில் முந்நூறைத் தொட்டவரே கிடையாது. பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் பிரான்சுக்கு எதிராக எட்டு மூன்று புள்ளிகள். அதை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து அவனோடு சேர்ந்து பார்த்தேன், கைதட்டினேன். ஆனால் கரி எதிரணியைக் கலங்கடிப்பது பெரும்பாலும் கையில் பந்து இல்லாமல் ஓடும்போது. கேள்வி பாயிண்ட் கார்டு பற்றியது. சிறந்த வீரர் யார் என்று கேட்டிருந்தால் ஸ்டாக்டனுக்கு முன்னால் அவரை எழுதியிருப்பேன்.

வெஸ்ட்புரூக், கிறிஸ் பால், நாஷ் ஆகியோரை விட்டதற்கு மன்னிக்கவும். ஐந்து பேர்தான் கேட்டீர்கள். ஆறாவது இடம் கிறிஸ் பாலுக்கு. 160 சென்டிமீட்டர் உயரத்தோடு பதினான்கு பருவங்கள் ஆடிய மக்ஸி போக்ஸை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது, ஆனால் அவர் படம் என் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது.

ஐசையா தாமஸ் ஐந்தாவது. 1988 இறுதித் தொடரில் கணுக்கால் பிசகிய நிலையில் ஒரே குவார்ட்டரில் 25 புள்ளி எடுத்தவர். அந்த ஆட்டம் ஒரு புள்ளியில் போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பையை எடுத்தார்.

கணுக்கால் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஆடும் ஆடுகளத்தில் போன ஆண்டு ஒரு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பந்தல் கால் நட சிமெண்ட் தளத்தில் பதினோரு இடத்தில் குழி தோண்டினார்கள். விழா முடிந்தது, கால்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், குழிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு பையன் கால் சிக்கி விழுந்து ஒன்றரை மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தான். யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். கடைசியில் நாங்கள் நாலு பேர் ஒரு மூட்டை சிமெண்டும் மணலும் வாங்கிப் பூசினோம். பூசிய இடத்தில் பந்து தட்டினால் இன்றும் வேறு மாதிரி எழும்புகிறது. அதே இடத்தில் வரும் தையில் மறுபடியும் பந்தல் என்று சொல்கிறார்கள். ஓர் ஆடுகளம் பூமியில் இருக்கும் வெறும் காலியிடம் அல்ல என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளின் அசிஸ்டை எழுதுகிறேன். என் தங்கையின் முறைதான், ஐந்தாவது கோடு குறுக்கே. போன வாரம் ஆட்டம் முடிந்ததும், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பந்தை மேலே கொண்டுவருபவள், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, “எத்தனை மாமா?” என்றாள். ஒன்பது என்றேன். “இல்லை மாமா, பத்து. இரண்டாவது குவார்ட்டரில் இடதுபக்கம் கொடுத்ததை விட்டுவிட்டீர்கள்” என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இன்னொரு கோடு போட்டேன்.