படகின் பாகங்களை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

"படகைப் பற்றி எதுவும் அறியாதவர் முதலில் எந்தப் பாகங்களையும் சொற்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டிக் கரையில் வளர்ந்தவன் என்ற முறையில், பாகங்களுக்கு முன்பு காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இராமநாதபுரம் மாவட்டத்திற்கு இரண்டு கடல்கள் இருப்பதால் இவை இங்கே அன்றாடத் தேவைக்கான சொற்கள். கச்சானும் சோழகமும் ஓங்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும்.

படகின் முன்முனை அணியம், பின்முனை பின்னணியம், அங்கே தொங்கியபடி திசை திருப்புவது சுக்கான். இவை ஒருமுறை பார்த்தாலே மனத்தில் நிற்கும்.

நின்று கவனிக்க வேண்டியது அடிப்பாகம். வல்லம் என்னும் பலகைப் படகின் அடியில் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் கட்டை ஏரா. அதிலிருந்து இருபுறமும் வளைந்தெழும் சட்டங்கள் வங்கு. வங்கின் மேல் அறைந்த பலகைகளின் இடுக்குகளில் நீர் புகாமல் அடைப்பது கலப்பற்று. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது படகு சறுக்கிப் போகாமல் தடுப்பதும் நீருக்குள் இறங்கி நிற்கும் ஏராதான். ஆனால் பாக் நீரிணையின் கரையோரம் ஆழம் குறைந்தது என்பதால், இப்பகுதியின் வத்தை என்னும் பாய்மரப் படகுக்கு அடி தட்டையாக அமைந்தது. தட்டை அடி சறுக்கலைத் தடுக்காது. ஆகவே பக்கவாட்டில் ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். படகு குறுகலானதால் கவிழும் அபாயமும் உண்டு; அதற்காகக் காற்று வரும் பக்கமாகக் குறுக்கே நீட்டிய இன்னொரு பலகையில் ஆட்கள் ஏறி அமர்ந்து எடை கொடுப்பார்கள். எங்கள் பகுதியில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தால் இந்தக் கணக்கு முழுவதும் கண்ணுக்கு நேரே விளங்கும்.

பாயைத் தாங்குவது பாய்மரம். பாயின் மேல்விளிம்பைக் கட்டும் நீண்ட கழி பருமல். அதை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்ப் பின்மூலையிலிருந்து ஆள் கைக்கு வரும் கயிறு தாமான். சொற்பட்டியல்களில் கடைசியில் வந்தாலும், உயிர்காக்கும் கயிறு தாமான்தான் என்பது என் கருத்து. திடீர்க் காற்றில் அதை நழுவவிட்டால் பாய் காற்றை உதறிவிடும். இறுகக் கட்டிவைத்திருந்தால் படகு சாயும். (நல்ல ஆட்கள் அதை முடிச்சுப் போடுவதே இல்லை.)

விசைப்படகிலோ ஃபைபர் படகிலோ ஏறப் போகிறவருக்கு மேற்சொன்னவற்றில் பாதி தேவைப்படாது. ஆழத்தைச் சொல்லும் அளவான ‘பாகம்’ 6 அடி, கடல் மைல் 1,852 மீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட் என்பவை போதும். அவற்றோடு விளக்குகளையும் அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, படகின் இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் எரிய வேண்டும். இரவில் உங்கள் பாதைக்குக் குறுக்கே வரும் விசைப்படகின் சிவப்பு விளக்கு தெரிந்தால், அது உங்கள் வலப்புறத்திலிருந்து வருகிறது. வழிவிட வேண்டியவர் நீங்கள்.