ஸ்காலர்ஷிப் கடிதத்துல 'மேக் எண்ட்ஸ் மீட்' சரியா?

நீங்க எழுதின 'மை ஃபாதர் இஸ் ஸ்ட்ரக்லிங் டு மேக் த எண்ட்ஸ் டு மீட்' வரில அந்த 'த'-வையும் மீட்டுக்கு முன்னாடி இருக்கற 'டு'-வையும் தூக்கிடுங்க, 'ஸ்ட்ரக்லிங் டு மேக் எண்ட்ஸ் மீட்' அவ்ளோதான். ஸ்கூல்ல 'போத் எண்ட்ஸ்'னு படிச்சிருப்பீங்க, அதுவும் தப்பில்ல, 1662ல வந்த தாமஸ் ஃபுல்லர்ங்கற இங்கிலாந்து எழுத்தாளரோட புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு, ஆனா இப்போ அது கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும். ஃப்ரெஞ்சுக்காரங்களும் ரெண்டு முனையையும் சேர்க்கிறதுனுதான் சொல்றாங்க.

முக்கியமா ஒண்ணு, இது பணக் கஷ்டத்துக்கு மட்டும்தான். வர்ற சம்பளத்துல வாடகை, மளிகை, ஃபீஸ்னு இழுத்துப் பிடிச்சு மாசத்த ஓட்டறோம்ல, அது. உங்க ரெண்டாவது பாராவுல மேத்ஸ் எக்ஸாமுக்கு கஷ்டப்பட்டதுக்கும் இதையே போட்டிருக்கீங்க, அங்க செட் ஆகாது, வெறும் 'ஐ ஸ்ட்ரகில்ட் வித் மேத்ஸ்' போதும். இன்னொன்னு, 'மேக்ஸ் எண்ட்ஸ் மீட்'னு மட்டும் எழுதினா எப்படியோ சமாளிச்சுடறார்னு அர்த்தம் ஆயிடும், உதவி கேக்கற லெட்டர்ல அது உங்களுக்கே ஆப்பு, அதனால 'ஸ்ட்ரக்லிங்' இல்லேன்னா 'பேர்லி' (அதாவது ரொம்ப கஷ்டப்பட்டு), ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். 'ஹேண்ட் டு மவுத்'தையும் (கைக்கும் வாய்க்குமா பொழைக்கறதுனு அர்த்தம்) அதே வரில சேர்க்காதீங்க ப்ரோ, ஓவரா இருக்கும். அதுக்கு பதிலா அப்பா என்ன வேலை பாக்கறார், மாசம் எவ்ளோ வருதுனு ஒரு வரி போடுங்க.