குரங்கும் மார்மைட்டும்: ஒரு கடிதம்

வணக்கம்.

பரேல் ஹாஃப்கின் நிறுவனம் பற்றிய உங்கள் கட்டுரையில் லூசி வில்ஸ் என்ற மருத்துவரைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். பிறகு நானே தேடிப் படித்தேன். சாகக் கிடந்த குரங்குக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தாராம், அது எழுந்துவிட்டதாம். இப்படித் தற்செயலாகக் கிடைத்ததைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடலாமா?

இன்னொன்று. என் மனைவிக்கு இது மூன்றாம் மாதம். மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மா, "தினமும் கீரை சமைத்துப் போடுகிறேன், மாத்திரை எதற்கு?" என்கிறார். நாங்கள் சைவம். அவருக்கு என்ன பதில் சொல்வது?

சு., செம்பூர், மும்பை

அன்புள்ள சு.,

குரங்குக் கதை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பம்பாயில் நடந்த வேலை முழுவதும் மறைந்துபோகிறது.

1928-ல் லூசி வில்ஸ் இங்கே வந்தபோது துணி ஆலைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. பலர் பிழைக்கவில்லை. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும், இவர்களுக்கோ பெருத்திருந்தன. மேலைநாடுகளில் உயிர்குடித்துவந்த பெர்னிஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகையிலும் அணுக்கள் அப்படித்தான் பெரிதாகும். அதற்கு ஈரலைத் தின்னக் கொடுத்தால் நோயாளி தேறுவார் என்று 1926-ல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் காட்டியிருந்தார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்று யாரும் எளிதாக நினைத்திருக்கலாம்.

வில்ஸ் அப்படி விடவில்லை. இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரித்தார். தல்பாடே என்பவருடன் சேர்ந்து 1930-ல் அதை வெளியிட்டார். அவர்களுடைய சாப்பாட்டைப் போலவே எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்குச் சோகை வந்தது, ஈஸ்ட் சேர்த்தபோது வரவில்லை. ஆனால் அந்த எலிகளுக்குப் பேன் பிடித்திருந்தது. பேன் பரப்பிய தொற்றும் சோகையைக் கொண்டுவரும். முடிவை நம்ப முடியாது என்பதால்தான் குரங்குகளுக்கு மாறினார். அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்திருந்தவர் எலியோடு திருப்தியடைந்திருப்பார்.

இடையில் 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-ல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்தார். நம்மவர்கள் பெருமையடித்துக்கொள்ள இவ்வளவு போதும்.

மார்மைட் என்பது பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் சாறு, விலையும் மலிவு. அதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகள் தேறினார்கள் என்று 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். என்னைப் பொறுத்தவரை உண்மையான கண்டுபிடிப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. பெர்னிஷியஸ் அனீமியாவைக் குணமாக்கிய சுத்திகரித்த ஈரல் மருந்து இந்த நோய்க்குப் பலிக்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறு பலித்தது, மார்மைட்டும் பலித்தது. அப்படியானால் ஈரலில் இருப்பது ஒரு மருந்தல்ல, இரண்டு. சுத்தம் செய்யும்போது ஒன்று கழிந்துபோகிறது. ஒரு மருந்து தோற்றதிலிருந்து இன்னொரு சத்து இருப்பதைக் கண்டுகொள்வதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

'வில்ஸ் காரணி' என்றே பல ஆண்டுகள் அதை அழைத்தார்கள். 1941-ல் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அந்தச் சத்தான ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1945-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடம் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஈரலில் இருந்த மற்றொரு மருந்தான வைட்டமின் பி12 1948-ல் பிடிபட்டது.

இனி அம்மாவின் கேள்வி. ஃபோலிக் அமிலத்தையே கீரையிலிருந்துதான் எடுத்தார்கள் என்று கேட்டால் அவர் வாதத்துக்கு இன்னும் வலு வந்துவிடும், ஆகவே அதைச் சொல்லாதீர்கள். கீரையில் இந்தச் சத்து இருப்பது உண்மை. ஆனால் அது சூட்டில் அழியும், நீரில் கரையும். நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். கர்ப்பகாலத்திலோ தேவை மிக அதிகம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருவுற்று நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அது சரியாக மூடாத குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1991-ல் வந்தது: கருவுறும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அது மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்தது. உங்கள் மனைவி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆனாலும் வளரும் குழந்தைக்கும் தாயின் ரத்தத்துக்கும் அது தொடர்ந்து தேவை. கீரையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

நீங்கள் சைவம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பி12 செடிகொடிகளில் கிடைக்காது; பாலிலும் தயிரிலும் இருந்தாலும் சைவ உணவுக்காரர்கள் பலருக்குக் குறைவாகவே இருக்கிறது. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்துக்கொண்டால் ரத்தப் பரிசோதனை சரியாகிவிட்டதுபோல் காட்டும், நரம்புப் பாதிப்போ உள்ளே நடந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பி12 அளவையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.