சென்னை மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா?

இப்போது இல்லை. வாக்காளர் தம் வார்டுக்குரிய கவுன்சிலருக்கு மட்டுமே வாக்களிக்கிறார். 200 வார்டுகளில் வென்ற கவுன்சிலர்கள் கூடி, தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கின்றனர். 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்து, மார்ச் 4 அன்று பிரியா மேயரானது இந்த மறைமுக முறையில்தான். அப்பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர் கிடைத்தார்; இது காலம் கடந்து வந்த நீதி என்றே கருதுகிறேன்.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் மக்களே மேயருக்கு நேரடியாக வாக்களித்தனர்; 2006இல் மறைமுக முறை வந்தது. 2019இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் மறைமுக முறையை மீண்டும் கொண்டுவந்தது.

ஆனால் முறையைவிட என்னை வருத்துவது இடைவெளிதான். ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் தெளிவாகக் கூறியும், 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகச் சென்னை, கவுன்சிலரே இல்லாமல், தனி அலுவலரின் நிர்வாகத்தில் இருந்தது. சாக்கடை அடைப்பையும் எரியாத தெருவிளக்கையும் பற்றி முறையிட, தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் ஒருவர்கூட அந்த ஆண்டுகளில் மக்களுக்கு இல்லை.