ஆளில்லாத ஊரில் ஏன் ஓட்டை?

அன்புள்ள ஐயா,

ஃபிரிட்ஜும் ஸ்ப்ரேயும் அதிகம் இருந்தது ஐரோப்பா, அமெரிக்காவில். ஓசோனில் ஓட்டை மட்டும் யாருமே இல்லாத அண்டார்டிகாவில் ஏன் விழுந்தது என்று ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் இப்படிக் கொளுத்துவதற்கும் அந்த ஓட்டைதானே காரணம்?

– ர., திருச்சி

அன்புள்ள ர.,

உங்கள் கேள்வியைவிட மகளின் கேள்வி நல்ல கேள்வி. முதலில் அது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழுதானது. வந்த மெக்கானிக் பின்பக்கக் குழாயை வெட்டினார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "பழைய கேஸ் போகட்டும் சார், புதுசு அடிச்சிடலாம்" என்றார். போனது சி.எஃப்.சி.-12, குளோரின் கலந்த குளிரூட்டும் கேஸ். எரியாது, எதோடும் சேராது. 1930இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாளர் இதை மூச்சாக இழுத்து, மெழுகுவத்தியை ஊதி அணைத்துக் காட்டினார். அந்தச் சாதுத்தனம்தான் வினை. மழையில் கரையாமல், கீழே எதிலும் சிதையாமல், உலகம் முழுக்கக் கலந்துவிடும். யார் வீட்டு கேஸ் என்ற கணக்கெல்லாம் காற்றுக்குக் கிடையாது. அப்புறம் மெல்ல மேலே போய், புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடும்.

அந்தக் குளோரினில் பெரும்பகுதி மேலே வேறு சேர்மங்களில் கட்டுண்டு கிடக்கும். அதை அவிழ்த்துவிட மேகம் வேண்டும். வறண்ட அந்த உயரத்தில் மேகம் திரள, மைனஸ் 78 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். அண்டார்டிகாவின் நீண்ட இரவில், சுற்றிச் சுழலும் காற்று உள்ளிருப்பதை அடைத்துவைக்க, அந்தக் குளிர் வருடம் தவறாமல் கிடைக்கிறது. செப்டம்பரில், அங்கே வசந்தகாலத்தில், சூரியன் எட்டிப் பார்த்ததும் குளோரின் ஓசோனைத் தின்னத் தொடங்கும். தான் தீராமல், ஒரே அணு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைத் தீர்க்கும். 1985இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜோ ஃபார்மனின் குழு உலகுக்குச் சொன்னது இந்த வசந்தகாலச் சரிவைத்தான். ஓட்டை என்பது பேச்சுக்கு, உண்மையில் மெலிவு.

சரி, வெயில். ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை, வெப்பத்தை அல்ல. ஓட்டையின் மேல் பழி போடாதீர்கள். ஆனால் அந்த கேஸ் யோக்கியம் இல்லை: எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைவிடப் பத்தாயிரம் மடங்கு பூமியைச் சூடேற்றும்.

1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு சி.எஃப்.சி. உற்பத்தி படிப்படியாக நின்றது. அண்டார்டிகாவின் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்கிறார்கள். உங்கள் மகளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். சி.எஃப்.சி.-12இன் ஆயுள் சுமார் நூறு ஆண்டு. எங்கள் வீட்டிலிருந்து போனதில் முக்கால் பங்கு இன்னும் காற்றில்தான் இருக்கிறது.